மிக்கேலின் ஷார்ட்வேவ் செட்டு

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பெயர் அப்சல். போன மாதம் ஒரு மத்தியானம், ஃப்ளோரா ஒரு பழைய ஷார்ட்வேவ் ரேடியோவைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். அவள் புருஷன் மிக்கேல் விசைப்படகில் வைத்திருந்த செட்டு. இரண்டு வருஷத்துக்கு முன் கடலில் விழுந்து போனவன். உடல்கூடக் கிடைக்கவில்லை. அவனோடு போய்த் தனியாகத் திரும்பியவன் தீபன். அதற்கு அடுத்த வாரம் ஃப்ளோராவைக் கட்டிக்கொள்ள இருந்தவனும் அவன்தான். கூடவே வந்திருந்தான்.

"இதுக்குப் போய் ரிப்பேரு! புச்சா ஒண்ணு வாங்கிக்கச் சொல்லு பாய்," என்றான்.

"இல்ல பாய். அவரு தொட்ட சாமான் வூட்ல இது ஒண்ணுதான் கீது. சரி பண்ணிக் குடுங்க," என்றாள் ஃப்ளோரா.

பின்பக்கத்தைக் கழற்றினேன். உப்பு ஏறி, வயரெல்லாம் பச்சை பூத்திருந்தது. ஸ்பீக்கர் கிழிந்திருந்தது. இதற்குப் பார்ட்ஸ் கிடைக்காது, புதுசு வாங்குவதுதான் நல்லது என்று சொல்ல வாயெடுத்தேன்.

செட்டு இரைந்தது.

பிளக் என் கையில் இருந்தது. உள்ளே பேட்டரியும் இல்லை.

இரைச்சலுக்குள் அலை அடித்தது. டீசலும் அழுகிய மீனும் கலந்த நாற்றம் கடையை அடைத்தது. பிறகு, இரும்பு எலும்பில் இறங்கும் சத்தம்.

இன்னொரு முறை.

"தீபா... வேணாண்டா... மண்ட பொளந்துச்சுடா..."

மிக்கேலின் குரல். ஃப்ளோரா மெதுவாகத் திரும்பினாள்.

"நீயா?"

தீபன் என் சுத்தியலை எடுத்துச் செட்டை அடித்தான். கண்ணாடி தெறித்தது. குரல் நிற்கவில்லை. தடுக்கப் போன என்னைச் சுவரில் மோதும்படி தள்ளிவிட்டு, சுத்தியலை அவள் தலைக்கு நேராக ஓங்கினான்.

ஓங்கிய கை இறங்கவில்லை.

யாரோ முடியைப் பிடித்து இழுத்தது போல அவன் தலை பின்னால் வளைந்தது. முகம் மேசையில் மோதியது. பற்கள் சிதறின. மறுபடி மோதியது. மறுபடியும். வாயிலிருந்து ரத்தத்தோடு தண்ணீர் கொட்டியது, குடம் குடமாக.

அவன் அடங்கும்வரை ஃப்ளோரா கண்ணை எடுக்கவில்லை.

பிணத்தை அறுத்த டாக்டர், நுரையீரல் முழுக்கக் கடல்தண்ணீர் என்று எழுதினார். போலீஸ் மூன்று நாள் என்னை விடவில்லை. திரும்பி வந்ததும், நொறுங்கிய செட்டை என்ன செய்வது என்று ஃப்ளோராவிடம் கேட்டேன்.

"வுட்ருங்க பாய். சொல்ல வேண்டியதச் சொல்லிட்டாரு."

காசிமேட்டில் அதைக் கடலில் போட்டுவிட்டு வந்தோம்.

மறுநாள் காலை குளித்துவிட்டு, துவைத்த சட்டை போட்டேன். என் மனைவி ரஹீமுன்னிசா என் தோளைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"இன்னாங்க இது, யாரோ கை வச்ச மாதிரி ஈரம்? டீசலும் மீனுமா நாறுது!"

இதோடு மூன்று சட்டை மாற்றிவிட்டேன்.

ஐந்து விரல்களும் தெளிவாக விழுகின்றன.