எதிர்மலை அண்ணன்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு ஆள் கூப்பிடும் தப்பு மேளம் அடித்து ஓய்வதற்குள் பேச்சி இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டாள். இடது பக்கத் தலை மட்டும் தெறித்தது. லயத்து வீட்டுச் சுவர், கொழுந்துக் கூடை, வாசலில் நின்ற புருஷன் சின்னராசா, எல்லாமே சுற்றின. கதவு நிலையைப் பிடித்தும் கால் நிற்கவில்லை.

"காலங்காத்தால எங்கடி ஊத்திக்கிட்டு வந்த? அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு" என்றாள் மாமியார் இராக்கம்மா.

மாமியார் மட்டுமா, பேச்சியின் அப்பா தம்பையாவுக்குக் கூடப்பிறந்த தங்கச்சியும் அவள்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் இராக்கம்மாவின் புருஷன் செத்த அன்று, அண்ணன் தள்ளாடி விழுந்து வாந்தி எடுத்தார். எழவு வீட்டுக்குக் குடித்துவிட்டு வந்தான் என்று அன்றே உறவை அறுத்துக்கொண்டாள். ஆனால் மகனுக்குப் பெண் எடுக்கும்போது, அண்ணன் மகள் உரிமைப் பெண்ணாயிற்றே, வேறு வீட்டுக்கு விடுவாளா? பெண் வரலாம், அண்ணன் வாசல் மிதிக்கக்கூடாது என்றாள். மகள் வாழட்டும் என்று அந்த மனுஷன் கல்யாணத்துக்கே வரவில்லை.

எதிர்மலைத் தோட்டத்தில்தான் இருந்தார். கொழுந்து கிள்ளும் இடத்திலிருந்து அவருடைய லயத்துக் கூரை தெரியும். தினமும் அதைப் பார்த்துப் பார்த்து ஏங்கினாள் பேச்சி. அப்பாவின் பெயர் மறுபடி நாறக்கூடாது என்றுதான் இந்தத் தலைவலியையும் இரண்டு வருடமாக மறைத்தாள்.

"சின்னராசா, இவள அவ அப்பன்கிட்டயே கொண்டுபோய் விட்டுரு. குடிகாரி எனக்கு வேணாம்."

"அவ வாயில வாடையே இல்லியே ஆத்தா" என்றவன், தோட்டத்து மருந்துக்கார ஐயாவை அழைத்துவர ஓடினான்.

அவர் வந்து, வலி ஒரு பக்கமா, வெளிச்சம் கூசுகிறதா, சத்தம் தாங்கவில்லையா, வலிக்கு முன்னால் கண்ணில் மின்னுகிறதா என்று கேட்டார். தலையை அசைக்க முடியாமல், எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்றாள் பேச்சி.

"இது ஒத்தத் தலைவலி. சில பேருக்குத் தலைசுத்தலும் சேந்து வரும், நடந்தா தள்ளாடும். இருட்டுல படுக்க வைங்க, தெளிஞ்சிரும். இவ வீட்டுல வேற யாருக்காச்சும் இருக்கா?"

"எங்கப்பாவுக்குங்க. அவரு ஒரு சொட்டு குடிச்சதில்ல."

இராக்கம்மாவுக்கு, புருஷன் செத்த அன்று எழவுத் தப்புச் சத்தத்தில் அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அதையும் திமிர் என்றே நினைத்திருந்தாள், பாவி.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா அத்த?"

இராக்கம்மா கம்பளியை எடுத்து வாசலில் தொங்கவிட்டு வெளிச்சத்தை மறைத்தாள். மருமகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. சத்தம் கேட்டால் பிள்ளைக்கு வலிக்குமே என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கி எதிர்மலை ஏறினாள். தம்பையா லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. தங்கச்சியைக் கண்டதும் எழுந்தவர், வா என்றுகூடச் சொல்லவில்லை.

"அன்னைக்கு நான் குடிக்கல, இராக்கு."

"தெரியும்ண்ணே..." என்று அவர் காலைக் கட்டிக்கொண்டாள். "பன்னண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. நம்ம வீட்டுக்கு வாண்ணே."