அன்ஃபாலோ செய்த மதினி

விடிந்ததும் விடியாததுமாக அம்பாசமுத்திரத்து வீட்டு வாசலில் சந்தனமாரி வந்து இறங்கினாள். இடுப்பில் பதினோரு மாதப் பெண் குழந்தை, கையில் காதுகுத்துப் பத்திரிகை. அம்மா பேச்சித்தாய்க்குக் குங்குமம் கொடுத்தாள். அண்ணன் பரமசிவனிடம் பத்திரிகையை நீட்டினாள். காபித் தம்ளரோடு நின்ற அண்ணன் மனைவி முத்துராணியின் பக்கம் திரும்பக்கூட இல்லை! வீட்டு மருமகளுக்குக் குங்குமம் கொடுக்காமல் அழைத்தால் அது அழைப்பா? முத்துராணிக்குப் புரிந்துவிட்டது.

"திருச்செந்தூர்ல வச்சுக் காது குத்துதோம். தாய்மாமன் மடி வேணும்லா, நீ மட்டும் வந்தாப் போதும்ணே."

"என்னட்டி பேசுத? ஒம் மதினி வர வேண்டாமா?"

"அவங்களுக்குத்தான் எம்பிள்ளைய பாக்கவே பிடிக்கலையே! இன்ஸ்டாவுல தெனமும் பிள்ளை படம் போடுதேன். ஆறு மாசம் முந்தி என்னைய அன்ஃபாலோ பண்ணிட்டாங்க. அதுலருந்துதான் நான் இந்தப் பக்கமே வரல."

"ஏதாவது கை தவறிப் பட்டுருக்கும்ட்டி..."

"பிளாக் பண்ணிருந்தா ஏதோ கோவம், ஆறிரும்னு இருந்துருப்பேன். மியூட் பண்ணிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது! அன்ஃபாலோன்னா, நீயும் வேண்டாம் ஒம்பிள்ளையும் வேண்டாம்னுதான? தனக்கு ஒண்ணு இல்லன்னா இப்படியா வயிறெரியணும்?"

முத்துராணிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். இந்த நாத்தனாரின் பிரசவத்துக்கு நாற்பது நாள் கண்விழித்துப் பார்த்தவள் அவள்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி தீர்ந்துவிடும். ஆனால் இன்னொருவர் தலைகுனிய வேண்டியிருக்குமே! வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள். விழுங்கி விழுங்கியே பழகிப்போன மனுஷி.

"என்னைய மன்னிச்சிரு சந்தனம்..."

"அவ எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?" பேச்சித்தாய் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "நாந்தான்ட்டி சொன்னேன்... பிள்ளைக்குக் காய்ச்சல் மேல காய்ச்சல் வந்துச்சுல்லா? பிள்ளையில்லாதவ இப்படிப் பாத்துப் பாத்து ஹார்ட்டு போட்டா கண்ணுபடாதான்னு, இவ காதுபடவே சொன்னேன். அன்னைக்கே செஞ்சிட்டா போல... பாவி நான்!"

சந்தனமாரி முத்துராணியின் பக்கம் திரும்பினாள். "அதுக்கு மியூட் பண்ணிருக்கலாமே மதினி?"

"மியூட் பண்ணா ஆசை தாங்காம உள்ள போய்ப் பாத்துருவேன்... நீ கணக்கைப் பூட்டி வச்சிருக்க. அன்ஃபாலோ பண்ணா மறுபடி ஒங்கிட்ட கேட்டாத்தான் பாக்க முடியும். நான் கேக்க மாட்டேன்னு எனக்கே தெரியும். எங்கண்ணு நெசமாவே பட்டுட்டா என்ன செய்யன்னு பயந்துட்டேன்..."

"அது பல்லு முளைக்கதுக்கு வந்த காய்ச்சல் மதினி! வெறும் பல்லு!"

சந்தனமாரி மதினியின் தோளைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பேச்சித்தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அண்ணன் மடியில இல்ல மதினி, ஒங்க மடியில வச்சுத்தான் காது குத்தணும். இந்தாங்க, பிள்ளைய வாங்குங்க!"

முத்துராணி ஆசையாகக் கைநீட்டினாள். குழந்தை அவள் முகத்தை ஒரு நொடி உற்றுப் பார்த்தது. உதடு பிதுங்கியது. வீலென்று அலறியபடி தாயின் கழுத்தை இறுக்கிக்கொண்டது.

"அத்தைட்டி... நம்ம அத்தைட்டி..." சந்தனமாரி பதறினாள்.

"பிள்ளைய அழ வைக்காத சந்தனம்," என்று முத்துராணி நீட்டிய கையைப் பைய இழுத்துக்கொண்டாள். "ஆறு மாசம் ஆச்சுல்லா... எம்முகம் அவளுக்கு எப்படித் தெரியும்?"