மல்லாட்டைக் கொல்லையில் ஒரு குரல்

"ஏய்ய்ய்... ஓடு... ஓடு..."

குரல் வந்ததும் தேவா அக்காவின் பையை இறுகப் பிடித்துக்கொண்டான். இருட்டத் தொடங்கியிருந்தது. விழுப்புரத்தில் பள்ளி விட்டு, காணையில் பஸ் இறங்கி, கொல்லை வழியாக நடந்தால்தான் வீடு. நேற்று இதே வழியில் காட்டுப்பன்றி ஒன்று குறுக்கே ஓடியதாம்.

"ஸ்பீக்கர்தான்டா" என்றாள் கலைமதி. அவளுக்கும் உள்ளுக்குள் உதறல்தான்.

கொல்லையில் விளைந்த மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, தோண்டித் தின்னும் பன்றிகளை விரட்ட, துரைக்கண்ணு பெரியப்பா தன் குரலையே பதிவு செய்து, ஸ்பீக்கரை வரப்பு வேம்பில் கட்டியிருந்தார். அது கத்திக்கொண்டே இருக்கும். ஊரில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பயத்தை மறக்க, நாளைய ஆங்கிலப் பாடத்தைச் சொல்லிக்கொண்டே நடந்தாள். சத்தம் தானாகக் காதில் விழுந்தால் 'ஹியர்'. நாமாகக் காது கொடுத்தால் 'லிசன்'. எதைக் கேட்கிறோம் என்று சொல்லும்போது லிசனுக்குப் பின்னால் 'டு' வரும், ஹியருக்கு வராது.

"நமக்கு ரெண்டுமே கேக்கறதுதானே? அவங்களுக்கு மட்டும் ஏன் ரெண்டு?" என்றான் தேவா.

"அவங்க வீட்லயும் உன்ன மாதிரி ஒரு தம்பி இருந்திருப்பான். சொல்றது காதுல விழும், ஆனா கவனிக்க மாட்டான்."

மறுபடி "ஓடு... ஓடு..." பின்னாலேயே தகரம் தட்டும் சத்தம். பதிவில் எப்போதும் அப்படித்தான் வரும்.

அடுத்து ஒரு "ஏய்ய்..." வந்தது. தகரம் தட்டவில்லை.

கலைமதி நின்றுவிட்டாள். பக்கத்துக் கரும்பில் ஏதோ சரசரத்தது. ஓடிவிடலாம் என்று கால்கள் துடித்தன.

எதிரே பெரியப்பாவின் மனைவி வெள்ளையம்மாள் புல்லுக்கட்டோடு வந்தார். அந்தக் குரல் ஸ்பீக்கர்தானா என்ற சந்தேகத்தைக் கலைமதி சொன்னாள்.

"எங்கூட்டுக்காரரு கொரலு எனக்குத் தெரியாதா? அது ஸ்பீக்கருதான். பன்னி வர்ற நேரம், ஜல்தியா வீட்டுக்குப் போங்க."

கலைமதி தம்பியை அவர் பக்கத்தில் நிறுத்திவிட்டு வேம்பை நோக்கி ஓடினாள். கரும்புப் பக்கம் பார்க்கவே இல்லை. ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கினாள்.

ஸ்பீக்கர் நின்றது. குரல் நிற்கவில்லை.

"ஏய்ய்... யாராச்சும் வாங்க..."

வெள்ளையம்மாளின் தலையிலிருந்து புல்லுக்கட்டு விழுந்தது.

குரல் கொல்லைக் கிணற்றிலிருந்து வந்தது. மோட்டாரைப் பார்க்கப் போன பெரியப்பா வழுக்கி உள்ளே விழுந்து, குழாயைக் கட்டிப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். வெள்ளையம்மாள் போட்ட கூச்சலில் பக்கத்து நிலத்து ஆட்கள் கயிற்றோடு ஓடி வந்தார்கள். அவர் மேலே வரும்வரை கலைமதி கிணற்றுக்குச் சற்றுத் தள்ளி நின்று, "பெரியப்பா, புடிச்சிக்கோங்க, தூக்கிடுவாங்க" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கரையேறியதும் பெரியப்பா குளிரில் நடுங்கிக்கொண்டே மனைவியைப் பார்த்தார். "எவ்ளோ நேரமா கத்திக்கினு இருக்கேன்."

"நீதான் வருஷம் பூரா கத்திக்கினு இருக்கியே" என்று சொன்ன வெள்ளையம்மாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாளே பெரியப்பா தன் குரலை அழித்துவிட்டார். இப்போது அந்த ஸ்பீக்கரில் ஒரு நாய் குரைக்கிறது. யார் குரல் அது என்று தேவாவிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். குரைத்தே காட்டுவான்.