சத்தம் போடாத கேமரா

"சார்... உங்களைத்தான் சார்... காது என்ன செவிடா?"

வாயை விட்ட பிறகுதான் கேமராக் கடை மொத்தமும் அமைதியாகிப்போனது அவளுக்கு உறைத்தது. கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்ற விற்பனைப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எத்தனை தடவை கேட்டும் அந்த ஆள் திரும்பவில்லை. அவள் பார்க்க வந்த கறுப்புக் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ கைக்குழந்தையை உருட்டிப் பார்ப்பது மாதிரிப் பார்த்துக்கொண்டே நின்றான். ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருந்தாள் அவள். பொறுமை போயே போய்விட்டது.

விற்பனைப் பெண் அவன் சட்டைக் கையை மெல்லத் தொட்டாள். திரும்பினான். காதுக்குப் பின்னால் தோல் நிறத்தில் ஒரு சின்னக் கருவி...

ஐயோ!

"ஆமாங்க," என்றான். கோபமே இல்லாத குரல். சொற்களின் ஓரமெல்லாம் லேசாகத் தேய்ந்து, ஒரே சுருதியில் வந்தன. "ரொம்பக் கொஞ்சமாத்தான் கேக்கும். அந்த மாஸ்க்கை எடுத்துட்டு இன்னொரு தடவை திட்டுங்க. உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்குவேன்."

முகக்கவசம்! வார்டில் மாட்டியது முகத்திலேயே இருந்தது. பதறிக் கழற்றினாள். "மன்னிச்சிடுங்க... சத்தியமா எனக்குத் தெரியாது..."

அவன் அவள் உதட்டைப் பார்த்தான். பிறகு கண்ணை. தூக்கம் கெட்டுச் சிவந்து, குற்ற உணர்ச்சியில் ததும்பி நின்ற கண்கள் அவை.

"இப்ப நல்லாத் தெரியுது," என்றான்.

எது தெரிகிறதாம்? வார்த்தையா... முகமா? கேட்க அவளுக்குத் துணிவில்லை.

"ரெண்டு மாடல்லயும் தொட்டுப் பாக்க ஒவ்வொண்ணுதான் இருக்கு," என்றாள் விற்பனைப் பெண். "நீங்க ரெண்டு பேரும் அதே ரெண்டைத்தான் கேக்குறீங்க. சேர்ந்தே பாத்துடுங்களேன், எனக்கும் வேலை மிச்சம்." சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டாள்.

கறுப்பு ஒன்று, வெள்ளி ஒன்று. இரண்டும் கற்றுக்கொள்கிறவர்கள் வாங்கும் கேமராக்கள்தான். வெள்ளி, இறகு மாதிரி லேசு. திரையை முன்பக்கம் திருப்பி நம் முகத்தை நாமே பார்த்துக்கொள்ளலாம். கறுப்பு கொஞ்சம் கனம். கண்ணை வைத்துப் பார்க்கச் சின்ன ஜன்னல் உண்டு. கை ஆடினாலும் படம் ஆடாது.

"உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டான்.

"சத்தம் வரக் கூடாது. ஃபிளாஷ் கூடாது. வெளிச்சம் கம்மியா இருந்தாலும் எடுக்கணும்."

"யாரைத் திருட்டுத்தனமா எடுக்கப் போறீங்க?"

சிரிப்பாள் என்று நினைத்துத்தான் கேட்டான். அவள் சிரிக்கவில்லை.

"குறைமாசத்துல பொறந்த குழந்தைங்க வார்டுல நர்ஸா இருக்கேன். எல்லாக் குழந்தையும் வீட்டுக்குப் போறதில்லைங்க... போன மாசம் ஒரு அம்மா வந்தாங்க. புள்ள போய்ச் சேந்துடுச்சு. 'சிஸ்டர், உங்க போன்ல ஒரு போட்டோவாவது இருக்குமா? முகம் மறந்துடுமோன்னு பயமா இருக்கு'ன்னு கேட்டாங்க. வார்டுக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாது. எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. அப்புறம் பெரிய டாக்டர்கிட்ட சண்டை போட்டு அனுமதி வாங்கினேன். ஒரே ஒரு கேமரா... அங்கேயே இருக்கும். பெத்தவங்களுக்காக மட்டும்."

அவன் கையிலிருந்த கறுப்புக் கேமரா சட்டென்று அசைவற்று நின்றது.

"விரலைக் கொடுங்க," என்றான்.

"என்ன?"

"சத்தம் வருதான்னு காதால எனக்குச் சொல்லத் தெரியாது. இப்படித்தான் தெரியும்." அவள் விரல் நுனியைக் கேமராவின் தோளில் வைத்து அழுத்தினான். பட்டனைத் தட்ட, உள்ளே ஏதோ ஒன்று குட்டி நெஞ்சு மாதிரித் துடித்தது. பிறகு எதையோ மாற்றிவிட்டு மறுபடி தட்டினான். ஒன்றுமில்லை... துடிப்பே இல்லை. ஆனால் திரையில் படம் விழுந்திருந்தது. அவள்தான். அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவள்.

முகத்தில் மட்டும் குறுக்கே கோடு கோடாய் நிழல்.

"இது என்ன, நான் ஜெயில்ல இருக்கிற மாதிரி?"

"டியூப்லைட் துடிக்குது. கண்ணுக்குத் தெரியாது, இதுக்குத் தெரியும். படம் எடுக்கிற வேகத்தைக் குறைச்சா கோடு போயிடும். ஆனா அப்ப கை ஆடக் கூடாது. ரெண்டுலயும் எடுத்துப் பாருங்க."

வெள்ளியில் எடுத்தாள். அவன் முகம் கலங்கிய தண்ணீரில் விழுந்தது போல வந்தது. கறுப்பின் ஜன்னலில் கண்ணை வைத்தாள். கடை, கூட்டம், இரைச்சல் எல்லாம் மறைந்து அவன் மட்டும் மிஞ்சினான். நெற்றியில் ஒரு முடிக்கற்றை... எதையும் தவறவிடக் கூடாது என்று உலகத்தையே உற்றுப் பார்த்துப் பழகிய கண்கள்... ஏன் இவள் மூச்சு இப்படி நடுங்குகிறது? நடுங்கியும் படம் மட்டும் பளிச்சென்று விழுந்தது.

"கறுப்பை எடுத்துக்குங்க," என்றான்.

"உங்களுக்கும் அதுதானே பிடிச்சிருக்கு? வந்ததுலேருந்து கீழேயே வைக்கலையே!"

"பிடிச்சிருக்குதான்... நான் காது கேக்காத பிள்ளைங்க ஸ்கூல்ல வாத்தியார். சைகை மொழியில பாடம் நடத்தி வீடியோவாப் போடணும்."

"ஒத்தை ஆளா எடுக்கிறவருக்குத் திரை முன்னாடி திரும்பணும்ல? கை ஃப்ரேமுக்கு வெளிய போனா பிள்ளைங்களுக்குப் பாதிப் பாடம்தானே தெரியும்? பேசாம வெள்ளியை வாங்குங்க."

அவன் கறுப்பை அவள் கையில் கொடுத்துவிட்டு வெள்ளியை எடுத்துக்கொண்டான். ஆளுக்கொரு பையோடு வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கடையின் ஓரத்தில் ஒதுங்கினார்கள். தகரக் கூரையில் மழை தடதடத்தது. அவன் ஒரு கையை நீட்டித் துளிகளை உள்ளங்கையில் வாங்கினான். கூரையில் விழுவதை அவள் கேட்டாள்... கையில் விழுவதை அவன் கேட்டான்.

"செட்டிங் ஏதாவது புரியலைன்னா மெசேஜ் பண்ணுங்க, சிஸ்டர்."

"சிஸ்டர் எல்லாம் வார்டோட சரி!" என்றாள் வெடுக்கென்று. சொன்ன வேகம் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"அப்ப வேற எப்படிக் கூப்பிடறது?"

"யோசிச்சு வைங்க, வாத்தியாரே..."

அதற்குப் பிறகு பூங்காவில் சந்தித்தார்கள். நூலகத்துப் படிகளில் சந்தித்தார்கள். கேமராவைப் பற்றிப் பேசத்தான் வந்தார்கள்... பிறகு அதைப் பையிலிருந்து எடுக்கக்கூட மறந்துபோனார்கள். பேசும்போது முகத்தைத் திருப்பக் கூடாது, கையால் வாயை மறைக்கக் கூடாது என்று அவள் பழகிக்கொண்டாள். ஒருவர் முகத்தையே பார்த்துப் பேசுவது எத்தனை சுகம், எத்தனை ஆபத்து என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாய்ச் சைகையும் படித்தாள். "நாளைக்கு வரேன்" என்பதை அவள் தப்பாகச் செய்ய, அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். என்ன சொன்னாள் என்று கடைசிவரை சொல்லவே இல்லை.

அக்காவிடம் அறிமுகப்படுத்த அவனை அழைத்துப்போன அன்றுதான் எல்லாம் கெட்டது.

அக்கா கெட்டவள் இல்லை. ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்து இழுத்துக் கத்தினாள். கத்தினால் உதடு கோணும், அவனுக்குப் புரியாது. பிறகு களைத்துப்போய்த் தங்கையிடமே கேட்டாள். "இவருக்கு டீயா, காபியாடி?"

"காபிக்கா."

"சம்பளம் எல்லாம் ஒழுங்கா வருதா இவருக்கு?"

"வருதுக்கா."

"பிறவியிலேயே இப்படியா?"

"இல்லக்கா, சின்ன வயசுல காய்ச்சல் வந்து..."

அவன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் பார்வையை மாற்றி மாற்றி... பிறகு மாற்றுவதை நிறுத்திவிட்டான். காபி ஆறி ஏடு படிந்தது.

தெருமுனைக்கு வந்ததும் சொன்னான். "நான் உங்க வார்டுல அட்மிட் ஆகலை, சிஸ்டர்."

"நான் என்ன பண்ணேன்? உங்களுக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னுதானே..."

"அதான். பரிதாபம்னா அப்படித்தான் இருக்கும்."

பரிதாபமா? அவளுக்குச் சுருக்கென்றது. பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்த அன்புக்கு இவன் வைத்த பெயர் இதுவா? அவளும் திரும்பி நடந்தாள். அவனாக வரட்டும் என்று இருந்தாள். அவன் வரவில்லை. போனைப் பார்ப்பதும், வெறுமனே வைப்பதுமாய் நாள்கள் ஓடின. கோபம் வடிந்த ஒரு மதியம், அக்காவுடன் நடந்த பேச்சை மனத்துக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அதில் அவன் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

பேசவே விடவில்லை அவள்.

அந்த வாரம்தான் வார்டுக்கு ஒரு பெண் குழந்தை வந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. தாய், தகப்பன் இருவருக்குமே காது கேட்காது, பேச்சும் வராது. சொந்த ஊரிலிருந்து உறவுக்காரர்கள் இன்னும் வந்து சேரவில்லை. எல்லோரும் துண்டுச் சீட்டில் எழுதி எழுதிக் காட்டினார்கள். மழை கொட்டிய ஒரு காலையில் குழந்தையின் மூச்சு தடுமாறத் தொடங்கியது. பெரிய டாக்டர் பேனாவை எடுத்தார். எழுத முடியாமல் நின்றார்.

இதையுமா சீட்டில் எழுதிக் கொடுப்பது?

அவள் வெளியே ஓடிப்போய்ச் செய்தி அனுப்பினாள். "எனக்காகக் கூப்பிடல. ஒரு அம்மா அப்பாவுக்காக. வருவீங்களா?"

வந்தான். தலையெல்லாம் ஈரம், விரல்களில் சாக்பீஸ். அவள் இரண்டே வரியில் விஷயத்தைச் சொன்னாள். கை கழுவி, மேலங்கி மாட்டி உள்ளே போனான். ஆனால் உள்ளே எல்லோர் முகத்திலும் கவசம். டாக்டர் பேசினார்... அவன் தவித்து அவள் பக்கம் திரும்பினான்.

அவளுக்குச் சட்டென்று தோன்றியது. வார்டுக்கும் நடைபாதைக்கும் நடுவில் பெரிய கண்ணாடிச் சுவர். டாக்டரைக் கையோடு இழுத்துக்கொண்டு வெளியே வந்து, கவசத்தைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன் நின்றாள். டாக்டரின் மீசை உதட்டை மூடியிருந்தது. அவர் சொல்லச் சொல்ல, அவளே அவனுக்குத் திருப்பிச் சொன்னாள்.

"நுரையீரல் வளரவே இல்லை... மருந்து எல்லாம் கொடுத்துப் பாத்துட்டோம். இனிமே பாப்பாவுக்கு வலிக்காம பாத்துக்கறது மட்டும்தான் எங்களால முடியும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கைகள் மெதுவாக எழுந்தன. அத்தனை மென்மையாக ஒரு கெட்ட செய்தி சொல்லப்பட்டதை அவள் பார்த்ததே இல்லை. தகப்பன் சுவரில் சாய்ந்தான். தாயின் கைகள் மட்டும் ஏதோ கேட்டன.

அவன் கண்ணாடியைப் பார்த்து உரக்கச் சொன்னான். "மடியில வச்சுக்கலாமான்னு கேக்குறாங்க."

டாக்டர் தலையசைத்தார். அவள் கவசத்தை மாட்டிக்கொண்டு கேமராவோடு உள்ளே போனாள்.

தாய் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். இன்னொரு கையால் அதன் கண்ணெதிரே விரல்களை அசைத்தாள். பெயர் வைக்கிறாள் என்று அவன் மெல்லச் சொன்னான். அவர்கள் வீட்டில் பெயரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் கறுப்புக் கேமராவின் ஜன்னலில் கண்ணை வைத்தாள். தகப்பனின் சுண்டுவிரலைப் பற்றியிருந்த பிஞ்சுக் கை... தாயின் விரல்களையே பார்த்த பாதி திறந்த கண்... கண்ணீரில் அவள் கை ஆடியது. படம் ஆடவில்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மதியத்துக்குள் குழந்தை அடங்கிவிட்டது.

உறவுக்காரர்கள் வந்து சேரும்வரை அவன் அந்தத் தகப்பனின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவள் வேலை முடிந்து வெளியே வந்தபோது அவனும் பேருந்து நிறுத்தத்தில் நின்றான். பேசுவதற்குள் வண்டி வந்துவிட்டது. கூட்டம் அவளை முன்னாலும் அவனைப் பின்னாலும் தள்ளியது. நடுவில் எத்தனையோ தோள்கள், குடைகள், பைகள். அவற்றின் இடைவெளியில் அவன் கண்கள் அவளைத் தேடிப் பிடித்தன.

அவள் குரல் எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். பேருந்தில் ஒருவருக்கும் கேட்காது... அவன் ஒருவனைத் தவிர.

"அன்னைக்கு உங்க பதிலை எல்லாம் நானே சொல்லிட்டேன். தப்பு. இனிமே சொல்ல மாட்டேன்."

அவன் இமைக்கவில்லை.

"பரிதாபம் இல்லை அது. பரிதாபப்பட்டு யாரும் இத்தனை நாள் தூங்காம இருக்க மாட்டாங்க..." கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப. உங்களுக்கு? இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

"எனக்கும் உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு!"

பேருந்தே திரும்பிப் பார்த்தது. வாங்கிக்கொண்டிருந்த டிக்கெட்டை ஒருவர் கீழே விட்டார். நடுவில் நின்ற ஒரு தடித்த மனிதர் இவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அட, வழி விடுங்கப்பா... தம்பி முன்னாடி போகட்டும்," என்றார்.

தோள்கள் விலகின. அவன் வந்து அவள் பிடித்திருந்த கம்பியையே பிடித்துக்கொண்டான். காது மடல் சிவந்திருந்தது.

"சத்தமாச் சொல்லிட்டேனா?"

"டிரைவருக்கே கேட்டிருக்கும்..."

"நல்லதாப் போச்சு. இத்தனை பேர் சாட்சி. இனிமே என்னால மாத்திப் பேச முடியாது."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகை வந்துவிட்டது, அந்தப் பிஞ்சுக் கைக்காக, அந்தத் தாய்க்காக, இவனுக்காகவும். அவன் கூட்டம் இடிக்காமல் ஒரு கையால் அவளைச் சுற்றி அணை போட்டுக்கொண்டு, அவள் இறங்க வேண்டிய நிறுத்தமும் தாண்டி, அவள் அழுது முடிக்கும்வரை கூடவே நின்றான்.