அடைத்த நான்கு துளைகள்

கேஸ் பிலார்ஸ்கி வாசித்த டிரம் செட்டை எடுத்துவர, நவம்பர் மாதத்து மத்தியானம் ஒன்றில், டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராம்க்கில் அவன் தங்கை வீட்டு வாசலில் வேனை நிறுத்தினேன். கேஸ் செத்து நாற்பத்தெட்டு வருஷம் ஆகிறது. பதினாறு வயதில் அவன் வாசிப்பை டெட்ராய்ட்டில் மேடைக்கு அடியில் நின்று பார்த்தவன் நான். அன்று ஒரே பாட்டில் மூன்று குச்சிகளை உடைத்துவிட்டு ஈ என்று இளித்தான். அதோடு எனக்குப் புத்தி பிசகிவிட்டது. பழைய அமெரிக்க டிரம் செட்டாகத் தேடித் தேடி வாங்கி வீட்டில் குவித்தேன். கட்டினவளே வெறுத்துப்போய் வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டாள். மிச்சம் இருப்பவள் மகள் மார்லா. இருபத்து மூன்று வயது. என்னைவிட நன்றாக வாசிப்பாள்.

வருஷா வருஷம் கேஸ் நினைவு நாளில் பழைய ரசிகர்கள் கூடி அவன் பாட்டுகளை வாசிப்போம். இந்தத் தடவை அவனுடைய செட்டிலேயே என் மகள் வாசிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பாழாய்ப்போன ஆசை.

அந்தத் தங்கை ஐரீன், காபியும் பொஞ்ச்கி என்ற போலந்து நாட்டு இனிப்பும் கொடுத்துவிட்டு, என்னை நிலவறைக்குக் கூட்டிப்போனாள். ஜன்னல் விரியத் திறந்து கிடந்தது. தரையெல்லாம் பனி.

“என்னங்க இது! இந்த ஈரத்துல மரம் உப்பிப் போயிடாதா?”

“மூடினா திறந்துக்குது வெர்ன். மூடறதையே விட்டுட்டேன்.” அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “அண்ணன் செத்த அன்னைக்கு நல்ல குளிர். என்ஜினை ஓட விட்டு, கண்ணாடியெல்லாம் ஏத்திட்டு, இந்த டிரம்முக்குப் பக்கத்துலயே வேன்ல தூங்கிட்டான். புகை உள்ள ஏறிடுச்சு. காலையிலதான் பாத்தாங்க. கண்ணாடி பூரா உள்பக்கம் விரல் தடம்.”

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எங்கே! என் கண் செட்டின் மேல் இருந்தது. சிகாகோவில் செய்தது, அறுபத்தாறாம் வருஷத்துச் சரக்கு, மினுமினுக்கும் சிவப்பு. அடடா, என்ன அழகு!

ஒரே ஒரு குறை. கேஸ் இடக்கைக்காரன். அவன் வசதிக்கு சிம்பல் தட்டை மாட்ட, காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மில் நான்கு துளைகளைத் தானே போட்டிருந்தான். என்னைப் போல் சேகரிப்பவர்களுக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும். தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரியே இருந்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும்.

வீட்டுக்கு வந்ததும் என் பட்டறையில் வைத்து, மேப்பிள் மரத்தில் நான்கு அடைப்புகள் செதுக்கி, பசை தடவி இறக்கி, மேலே சிவப்புத் துண்டு ஒட்டினேன். தடவிப் பார்த்தால்கூடத் தெரியாது. என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை பட்டறை ஜன்னல் முழுக்க ஆவி படிந்திருந்தது. லேசாகப் புகை நாற்றம். பக்கத்து வீட்டுக்காரன் கார்தான் என்று அவனைத் திட்டினேன். பிறகு டிரம்மைப் பார்த்தேன். நான்கு அடைப்புகளும் ஒரு நூல் அளவுக்கு வெளியே வந்திருந்தன.

பசை சரியாகக் காயவில்லை போல. சுத்தியலால் மெல்ல ஒரு தட்டு தட்டினேன்.

உள்ளேயிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.

மரம் காய்கிற சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் பசை விட்டு, ஓங்கி அடித்து இறக்கினேன். முட்டாள், முட்டாள்.

சனிக்கிழமை காலை பட்டறையிலேயே மார்லா பழகிப் பார்க்க உட்கார்ந்தாள்.

“அப்பா, புகை நாத்தம் வருதே. வேன் ஓடுதா?”

“பக்கத்து வீட்டு மகராசன் கார் அது. நீ வாசிம்மா.”

வாசித்தாள். இரண்டாவது பாட்டில் கை தளர்ந்தது. ஜன்னல்களில் ஆவி படர ஆரம்பித்தது, அதுவும் கீழிருந்து மேலாக.

“அப்பா… மூச்சு…”

குச்சிகள் கீழே விழுந்தன. அவள் நாற்காலியிலிருந்து சரிந்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன். முகம் வெளுத்து, வாய் திறந்து திறந்து மூடியது. காற்று உள்ளே போகவே இல்லை.

கதவை இழுத்தேன். அசையவில்லை. ஜன்னலைச் சுத்தியலால் அடித்தேன். கீறல்கூட விழவில்லை.

பெரிய டிரம் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

அதை மிதிக்க அங்கே காலே இல்லை. உள்ளேயிருந்து அறைகிறார்கள், கதவைத் திறக்கச் சொல்லி அறைவது போல. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அடப்பாவி, நான் எதை அடைத்து வைத்தேன் என்று.

தலை போனாலும் பழைய டிரம்மில் டிரில் வைக்காதவன் நான். டிரில் மெஷினை எடுத்து அடைப்புகளில் இறக்கினேன். ஒன்று. இரண்டு. மூன்று. மகளின் கால் உதறுவது நின்றுவிட்டது. நான்கு.

வெதுவெதுப்பாக ஒரு காற்று என் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு போனது. என்ஜின் புகை வாசனை. அது கதவுப் பக்கம் போகவில்லை, மார்லா கிடந்த பக்கம் போனது. அவள் ஆழமாக, நீளமாக மூச்சை இழுத்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“என் தங்கம், போதும்மா, போதும், எல்லாம் சரியாப் போச்சு.”

ஆஸ்பத்திரியில், ரத்தத்தில் புகையே இல்லை என்றார்கள். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து மார்லாவின் மூச்சை எண்ணினாள். “இவ்வளவு சீரா யாருக்கும் ஓடாது, கடிகாரம் தோத்துடும்,” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

கட்டிலருகே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் கண் திறந்தாள். என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு பயம்.

“என்னடா கண்ணு? மூச்சு விடக் கஷ்டமா இருக்கா?”

இல்லை என்று தலையாட்டினாள். பிறகு உதடுகளை இறுக மூடி, இரண்டு விரல்களால் மூக்கையும் அழுத்திப் பிடித்துக் காட்டினாள்.

அவள் நெஞ்சு அதன்பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.