ஓலைக்கு அந்தப் பக்கம் தண்ணீர்

அன்றும் சாம்பல் விழுந்தது.

தன்னா தீவில் எரிமலையைக் 'கிழவர்' என்றுதான் சொல்வார்கள். கிழவர் இருமினால் வானம் கறுத்துவிடும். அந்த வாரம் அவர் இருமலை நிறுத்தவே இல்லை. தென்னை மரங்களுக்கு அடியில் புல்லெல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தது. மாட்டுத் தொட்டியில் தண்ணீர் புளித்துவிட்டது.

லினெத் ஒற்றைக்கொம்பியின் மூக்கருகே வாளியை வைத்தாள். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வயிற்றில் கன்று. ஆனாலும் விலா எலும்புகள் வெளியே தெரிந்தன.

"கொஞ்சமாவது குடிம்மா" என்று கெஞ்சினாள்.

"நீ சொன்னா கேட்டுடுமா? அம்மா சொன்னா நீ கேக்குறியா?" என்றான் அண்ணன் சயேல். ஆனால் அவனுக்கும் சிரிப்பு வரவில்லை.

பக்கத்துத் தோட்டத்து யாவுகோ மாமா வேலியில் சாய்ந்து நின்றார். "கப்பல்ல ஒரு மருந்துத்தூள் வருதாம், நாக்கோ. தண்ணியில போட்டா புளிப்பு போயிடும்."

"புளிப்பு போகும். கூடவே என் மாட்டோட பேரும் போயிடும்" என்றார் அப்பா. "மருந்து படாத மாடுன்னு நம்பித்தானே வாங்குறாங்க?"

"மாடே செத்துட்டா பேரை வெச்சு என்ன செய்வே?"

அப்பா மாட்டின் விலாவைத் தடவிப் பார்த்தார். பிறகு, "சரி, வாங்கிடறேன். ஆனா கப்பல் வர ஒரு வாரம் ஆகுமே. அதுவரைக்கும் இவ தாங்கணுமே" என்றார்.

நல்ல தண்ணீர் இல்லாமல் இல்லை. மேட்டில் கப்பாலு மாமாவின் நிலத்தில், பாறைக்குள் ஓர் ஊற்று இருந்தது. சாம்பல் அதற்குள் விழாது. ஊற்றுநீர் கொஞ்ச தூரம் ஓடி மண்ணுக்குள் மறைந்துவிடும்.

ஆனால் மாமா போன மாதம் இறந்துபோனார். நிலத்தின் வாசலில் கயிறு கட்டி, அதில் தடைக்கு அடையாளமான நமேலே மரத்து ஓலையைத் தொங்கவிட்டிருந்தார்கள். கிழங்கு அறுவடை விருந்து முடியும்வரை மாமாவின் மனைவி நவாய் அத்தையைத் தவிர யாரும் அதைத் தாண்டக் கூடாது.

"அத்தைகிட்ட கேட்டுப் பார்க்கலாமா?" என்றாள் லினெத்.

"உஷ்! துக்கத்துல இருக்கிறவகிட்ட போய் எதையாவது கேக்குறதா? மரியாதை இல்ல" என்றார் அப்பா.

மரியாதைக்காக ஊரில் ஒருவரும் அத்தையிடம் பேசுவதில்லை. லினெத் தன்னையே கேட்டுக்கொண்டாள்: மாமாவை நினைத்து அழ வேண்டிய நேரத்தில், நான் தண்ணீரை நினைக்கிறேனே, நான் கெட்ட பெண்ணோ? அப்படி இல்லை என்று சொல்லிக்கொண்டாள். மனம் முழுதாக நம்பவில்லை.

மறுநாள் ஒற்றைக்கொம்பி எழுந்து நிற்கவில்லை.

லினெத் மேட்டுக்கு ஓடினாள். ஓலைக்கு முன்னால் நின்றாள். உள்ளே அத்தை ஊற்றின் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவள் தலைமுடியெல்லாம் சாம்பல். தட்டிவிடக்கூட இல்லை.

தண்ணீர் கேட்க வந்தவள் வேறொன்றைக் கேட்டாள்.

"அத்தை, தனியா இருக்கப் பயமா இல்லையா?"

அத்தை திரும்பிப் பார்த்தாள். "பயமில்லடி. சத்தமே இல்ல. அதான் தாங்கல." குரல் கரகரத்தது. "யாரும் வர்றதில்ல."

"நாங்க பேசினா உங்களுக்கு வலிக்கும்னு நினைச்சோம்."

"பேசாததுதான் வலிக்குது."

லினெத் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இருவரும் அழுதார்கள். பிறகு அவள் ஒற்றைக்கொம்பியைப் பற்றிச் சொன்னாள்.

"ஐயோ, அந்தப் பிடிவாதக்காரியா!" அத்தை எழுந்தாள். "ஆனா விருந்துக்கு முன்னால ஓலையை அவிழ்க்க என்னால முடியாதே."

லினெத் ஊற்றைப் பார்த்தாள். சரிவைப் பார்த்தாள். "ஓலையை அவிழ்க்க வேணாம் அத்தை. நாங்க யாரும் உள்ளே வர மாட்டோம். நீங்க ஊற்றுலேர்ந்து கயிறு வரைக்கும் மூங்கிலைப் போடுங்க. இந்தப் பக்கம் நாங்க போடறோம். தண்ணி வெளிய வரக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே?"

அத்தை யோசித்தாள். "இல்ல. யாரும் சொல்லல."

லினெத் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னதும், பிளந்த மூங்கில்களைச் சயேல் தூக்கி வந்தான். பாதியைக் கயிற்றுக்கு அடியில் உள்ளே தள்ளினான். அப்பா ஓலையைப் பார்த்தபடி, தயங்கித் தயங்கி வெளிப்பக்கத்து மூங்கில்களைப் பொருத்தினார். உள்ளே அத்தை ஒவ்வொன்றாக நீட்டி வைத்தாள். ஓரிடத்தில் ஒழுகியது. "கல்லை வெச்சு முட்டுக் குடு, நாக்கோ! கண்ணு எங்கே இருக்கு?" என்று அவள் கத்தினாள். அப்பா திட்டு வாங்கிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தண்ணீர் நூலாக வந்தது. பிறகு விரல் கனத்துக்கு வந்தது.

சாம்பல் இன்னும் விழுந்துகொண்டுதான் இருந்தது. லினெத் வாளியின் மேல் வாழை இலையை மூடிக் கீழே கொண்டுபோனாள். ஒற்றைக்கொம்பி முகர்ந்தது. நாக்கை நீட்டியது. அப்புறம் வாளிக்குள் தலையை விட்டு, எடுக்கவே இல்லை. சாயங்காலம் தள்ளாடி எழுந்து நின்றது.

"அத்தை! எழுந்துட்டா!" என்று மேட்டைப் பார்த்துக் கூவினாள் லினெத்.

"சரி சரி!" மேலேயிருந்து குரல் வந்தது. "நாளைக்குப் பெரிய மூங்கிலாக் கொண்டு வா! இது ஒரு கோழிக்குத்தான் காணும்!"