ஒன்பதாம் கட்டிலின் துண்டு

1959 கார்த்திகை. காலை 6.10. மருதங்குளம் ஆஸ்பத்திரியின் ஒன்பதாம் கட்டிலில் ஆதம்பாவா இறந்து கிடந்தார். புடைவை வியாபாரி, சிறுநீர் போகாமல் சலம் அடைத்து முதல்நாள் பகல் வந்தவர்.

8.30. இன்ஸ்பெக்டர் தில்லைநாதன் கட்டில் தலைமாட்டில் தொங்கிய நோயாளித் துண்டை வாசித்தார். யார் கையென்று தெரியாதபடி ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தது: "சலப்பைக் கோளாறு, வகை குறிப்பிடப்படாதது. இங்கேயே வைத்து மணிக்கொருதரம் சலத்தை அளக்கவும்."

அளந்ததாக ஒரு குறிப்பும் இல்லை. இரவு வார்டில் நின்ற தாதி இரஞ்சிதத்தை வேலையிலிருந்து நிறுத்தப் பதினொரு மணிக்கு மேலதிகாரி வருகிறார்.

"ஏன் மிஸ்ஸி அளக்கேல்லை?"

"அப்பிடி எழுதியிருக்கேல்லை ஐயா. சலப்பையிலை கல்லு, உடனை யாழ்ப்பாணம் அனுப்பு எண்டுதான் டொக்டர் எழுதினவர். நேற்றுப் பின்னேரம் ஆறு மணிக்குக் கிளாக்கரிட்டை ஆஸ்பத்திரி வான் கேட்டனான். வரும் வரும் எண்டு விடியுமட்டும் பாத்தனான்."

"அந்தத் துண்டு எங்கை?"

"மனிசன் மோசம்போனவுடனை சாவைப் பதியவெண்டு கிளாக்கர் கொண்டுபோனவர். திரும்பி வந்தது இதுதான்."

டொக்டரைக் கேட்க வழியில்லை. அவர் கொக்கிளாயில், நாயாறு பெருகிப் பாதை மூடிவிட்டது. தந்திக் கம்பியும் அறுந்திருந்தது.

9.15. கந்தோர். கிளாக்கர் கதிர்காமநாதன் தேத்தண்ணி நீட்டினார். மேசையில் தடித்த புத்தகம் ஒன்று.

"இதென்ன, பஞ்சாங்கமோ?"

"நோய் இலக்கப் புத்தகம் ஐயா. ஆக்கள் துண்டு வெட்டி வீட்டை போனாப் பிறகு, டொக்டர் எழுதினதைப் பாத்து நான் இலக்கம் போடுவன். மாதாமாதம் கொழும்புக்குப் போகும். டொக்டர்மார் இதைத் தொடவும் மாட்டினம்."

"மிஸ்ஸி வான் கேட்டவாவோ?"

"ஒரு சொல்லும் கேக்கேல்லை. வான் கொட்டிலுக்கைதான் நிண்டது. அவா நல்லா நித்திரை கொண்டிருப்பா."

10.05. அதே டொக்டர் எழுதிய நாற்பது பழைய துண்டுகளை இன்ஸ்பெக்டர் புரட்டினார். 'சலத்தில் இரத்தம்.' 'அடிவயிறு வீக்கம், சலப்பையோ? தெரியவில்லை.' பிறகு இலக்கப் புத்தகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, வெளியே போய் வானின் சில்லுகளைத் தடவிப் பார்த்தார். ஈரச் சேறு.

10.40. எல்லாரும் கந்தோரில் நின்றார்கள்.

"துண்டை மாத்தினது நீர்தான், கதிர்காமநாதன்."

"அது டொக்டர் எழுதினது ஐயா."

"டொக்டருக்கு விளங்காட்டித் தெரியவில்லை எண்டு எழுதிக் கேள்விக்குறி போடுவார். வகையைக் குறிப்பிடேல்லை எண்டு தன்னைப்பற்றித் தானே எழுதுவாரோ? அது அவர் எழுதினதைப் பிறகு வாசிக்கிற ஆளின்ரை பேச்சு. உம்மடை புத்தகத்திலை அறுநூற்றாறாம் இலக்கத்துக்கு நேரை அப்பிடியே கிடக்கு."

"புத்தகத்தை ஆரும் பாக்கலாம்."

"பாக்கலாம். பதினைஞ்சு வருசம் அதைப் பாத்து எழுதின உம்மடை கைக்குத்தான் அது யோசியாமல் வரும்." இன்ஸ்பெக்டர் சாரதி சின்னராசாவிடம் திரும்பினார். "கொட்டிலுக்கை நிண்ட வானுக்குச் சேறு எங்கையிருந்து?"

சின்னராசா நிலத்தைப் பார்த்தான். "பரந்தன் ஸ்டேசன் ஐயா. கிளாக்கரின்ரை பெண்சாதி வீட்டு ஆக்களை ஏத்தப் போனது. விடியத்தான் வந்தனாங்கள்."

கதிர்காமநாதன் கதிரையில் அமர்ந்துவிட்டார். "ஒரு ராத்திரி தாங்குவார் எண்டு நினைச்சன்."

11.00. மேலதிகாரியின் கார் வந்தது. நடந்ததைக் கேட்டவர் இரஞ்சிதத்தை வார்டுக்குத் திரும்பச் சொன்னார். அவள் போகவில்லை. வெற்றுத் துண்டு ஒன்றை எடுத்து ஆதம்பாவாவின் பெயரை எழுதினாள். அதன் கீழே: "சலப்பையில் கல். வான் கேட்டது மாலை 6.00. வரவில்லை."

"இதிலை நீங்கள் ஒப்பம் வைக்கவேணும் ஐயா," என்று மேலதிகாரியிடம் பேனையை நீட்டினாள்.